கொழும்பிலிருந்து அப்பாவுக்கு: எங்கள் சபை விசுவாசிப்பது என்ன

கொழும்பு, வெள்ளவத்தை

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். இங்கே நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

"சுவிசேஷ சபை என்கிறாயே, அங்கே என்ன போதிக்கிறார்கள், தப்புப் போதகம் எதுவும் இல்லையே?" என்று கேட்டிருந்தீர்கள். சபைச் சேகரத்தில் இத்தனை வருஷம் உழைத்த நீங்கள் கேட்பது நியாயம்தான். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் இந்தச் சபை மறுக்கிற வரி ஒன்றுகூடக் கிடையாது. ஞானஸ்நானம் கொடுக்கும் முறையும் சபை நிர்வாகமும்தான் வேறு. இங்கே சேருகிறவர்கள் கையில் மூன்று மொழியில் அச்சிட்ட ஒரு சிறு கையேட்டைக் கொடுக்கிறார்கள். விசுவாச அறிக்கை அதில்தான் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு பிரிவும் சிலுவையில் நடந்தது என்ன என்ற ஒரே கேள்வியில் போய் முடிகிறது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றதெல்லாம் விளங்கும்.

வேதாகமத்திலிருந்து தொடங்குகிறேன். பழைய ஏற்பாட்டில் 39, புதிய ஏற்பாட்டில் 27, ஆக 66 புத்தகங்கள். இவையே விசுவாசத்துக்கும் நடத்தைக்கும் முடிவான அதிகாரம் என்பது முதல் பிரிவு (2 தீமோத்தேயு 3:16). கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்கள். கூடுதலாக உள்ளவற்றை வாசிக்கலாம், உபதேசத்துக்கு ஆதாரமாக எடுக்கக் கூடாது என்பது இவர்கள் நிலை. போதகர் பேசியதையும் பெரோயா ஊரார் போல ஆராய்ந்து பார்க்க வேண்டும் (அப்போஸ்தலர் 17:11). புதன்கிழமை வீட்டுக்கூட்டத்தில் ஞாயிறு பிரசங்கப் பகுதியைத் திறந்து, சொன்னது வசனத்தில் இருக்கிறதா என்று வெளிப்படையாகவே கேட்கிறார்கள். எனக்கு இந்தச் சபையில் மிகவும் பிடித்த பழக்கம் இது.

அடுத்தது திரித்துவம். ஒரே தேவன், பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று மூன்று ஆள்தத்துவம். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு: தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உதாரணத்தைப் பிள்ளைகளிடம் சொல்லவே கூடாது. ஒரே ஆள் மூன்று வேஷம் போடுகிறார் என்ற பழைய பிழைக்குத்தான் அது கொண்டுபோய் விடும். அதற்குப் பதிலாக மத்தேயு 3:16-17ஐ வாசிக்கச் சொல்கிறார்கள். குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் இறங்குகிறார், பிதா பேசுகிறார், மூன்றும் ஒரே நேரத்தில். வாசலுக்கு வருகிற யெகோவாவின் சாட்சிகள் குமாரனைப் படைக்கப்பட்டவர் என்கிறார்கள். இதையே ஆரியு என்ற பழங்காலப் போதகர் சொன்னபோது 325இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம் மறுத்தது. கையேடும் அந்தத் தீர்மானத்தையே பின்பற்றுகிறது.

திரித்துவத்துக்கு இவ்வளவு காவல் எதற்கு என்று கேட்பீர்கள். குமாரன் தேவன் இல்லையென்றால், தேவன் தம்முடைய நீதியை நிறைவேற்றச் சம்பந்தமில்லாத வேறொருவரை அடித்தார் என்றாகிவிடும். குமாரன் தேவனாக இருப்பதால்தான் சிலுவையில் நம் தண்டனையைச் சுமந்தவர் தேவனே என்று சொல்ல முடிகிறது. "கோபக்காரப் பிதாவை அன்பான குமாரன் சமாதானப்படுத்தினார்" என்று யாராவது பிரசங்கித்தால் அதுவும் பிழைதான். உலகத்தில் அன்புகூர்ந்து குமாரனைத் தந்தவரே பிதா (யோவான் 3:16).

இங்கே கொழும்பில் இந்த இடத்தைத்தான் மிகுந்த கவனத்தோடு விளக்க வேண்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தில் பௌத்தர்களும் சைவர்களும் இருக்கிறார்கள். போயா என்கிற பௌர்ணமி நாளில் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போய் நாள் முழுக்கச் சீலம் காக்கிறார்கள். புத்தரை நினைத்துக் கொண்டாடும் வெசாக் வந்தால் தெருத்தெருவாகத் தன்சல் போட்டு, வருகிற போகிற எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிறார்கள். அந்தத் தாராளத்தை யாரும் இளக்காரமாகப் பேசக் கூடாது என்று எங்கள் போதகர் சொல்வார். ஆனால் வினையும் புண்ணியமும் கணக்கில் ஏறும் என்று கேட்டு வளர்ந்தவரிடம் கிருபையைப் பற்றிப் பேசினால், அவர் மனதில் ஒரு நேர்மையான கேள்வி எழும்: ஒருவர் செய்ததை இன்னொருவர் எப்படிச் சுமக்க முடியும்?

அதற்கு, ஞானஸ்நானத்துக்கு முன் நடக்கும் வகுப்பில் படிப்படியாகப் பதில் சொல்கிறார்கள். சுமக்கிறவர் மெய்யான மனுஷனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நமக்குப் பதிலாக நிற்க முடியாது. தமக்கென்று பாவக் கடன் இல்லாதவராக இருக்க வேண்டும். மெய்யான தேவனாகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒருவருடைய மரணம் அநேகருக்குப் போதுமானதாகும். யாரும் பலவந்தப்படுத்தாமல் தாமாகவே ஜீவனைக் கொடுத்திருக்க வேண்டும் (யோவான் 10:18). இந்த நான்கும் கூடுகிற ஒரே ஆள் இயேசு. ஒரே ஆளில் தேவத்துவமும் மனுஷத்துவமும் கலக்காமலும் பிரியாமலும் இருக்கின்றன என்று 451இல் கல்செதோனில் கூடிய சங்கம் வகுத்ததும், கன்னியிடத்தில் பிறந்தார் என்ற பிரிவும், பாவமில்லாதவர் என்ற பிரிவும் இதற்காகத்தான் நிற்கின்றன. சைவப் பின்னணியிலிருந்து வருகிறவர்கள் இதை அவதாரங்களில் இன்னொன்று என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அவர்களிடம் சொல்வது இது: ஒரே தரம் மனுஷரானார், ஒரே தரம் பலியானார் (எபிரெயர் 9:26), உயிர்த்தெழுந்தபின் அந்த மனுஷ சரீரத்தை விட்டுவிடவும் இல்லை.

இதன்மேல் வருவது நீதிமானாக்கப்படுதல். தேவன் பாவியை நீதிமான் என்று தீர்ப்புச் சொல்கிறார், விசுவாசத்தின் மூலமாக மட்டும், கிறிஸ்துவின் நிமித்தம் (ரோமர் 3:24-26, எபேசியர் 2:8-9). அந்தத் தீர்ப்பு ஒரே தரம் முழுமையாகக் கிடைக்கிறது. பரிசுத்தமாக்கப்படுதல் அப்படியல்ல, அது சாகும்வரை நடக்கும் வேலை. இரண்டையும் குழப்பினால் இரண்டு விதமாகக் கெடுகிறது. "இந்த வாரம் கோபப்பட்டுவிட்டேன், என் இரட்சிப்பு போய்விட்டதோ" என்று நடுங்குகிறவர்கள் ஒரு பக்கம். "கைதூக்கி ஜெபித்தாயிற்று, இனி எப்படி வாழ்ந்தாலும் பரவாயில்லை" என்கிறவர்கள் மறுபக்கம். முதல் கூட்டத்துக்கு, கிரியை அல்ல, விசுவாசமே நீதியாக எண்ணப்படும் என்கிற ரோமர் 4:5ஐயும், இரண்டாவது கூட்டத்துக்கு, கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபு 2:17ஐயும் காட்டுகிறார்கள். பவுலும் யாக்கோபும் மோதிக்கொள்வதில்லை. எபேசியர் 2இல் 8, 9 வசனங்களோடு நிறுத்தாமல், நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிற 10ஐயும் சேர்த்து வாசித்தாலே போதும்.

இன்னொரு பிழை நுட்பமானது. புண்ணியத்தை விட்டவர்கள் விசுவாசத்தையே புதுப் புண்ணியமாக்கிக்கொள்வார்கள். "எனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் பதில் வரவில்லை" என்று சொல்வார்கள். இரட்சிக்கிறவர் கிறிஸ்து. விசுவாசம் அவர்மேல் சார்ந்திருப்பது, அவ்வளவே.

இனி உங்களுக்கு வருத்தம் தரக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன், அப்பா. இங்கே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. குழந்தையை முன்னே கொண்டுவந்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்கிறார்கள். அறிந்து விசுவாசிக்கிறவர்களுக்கே முழுக்கு ஞானஸ்நானம். கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு எழுவதை அது காட்டுகிறது (ரோமர் 6:4). தண்ணீர் இரட்சிக்கும் என்று இவர்கள் போதிப்பதில்லை. சுவிசேஷ நம்பிக்கையுள்ள ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகள் குழந்தைகளுக்குக் கொடுக்கின்றன. அவர்களை விசுவாசிகள் அல்ல என்று எங்கள் போதகர் ஒரு நாளும் சொன்னதில்லை.

முறை இப்படி. எட்டு வார வகுப்பு. முடிந்தபின் இரண்டு மூப்பர்கள் தனியாக உட்கார்ந்து பேசுவார்கள். கலியாணத்துக்காகவோ, வெளிநாட்டு விசாவுக்குச் சான்றிதழ் வேண்டியோ, சுகம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதற்காகவோ வந்திருந்தால் பொறுக்கச் சொல்வார்கள், துரத்துவதில்லை. தொட்டியில் தண்ணீர் இடுப்பளவு நிற்க வேண்டும். குறைந்தால் முகம் அமிழாது, இரண்டாம் தரம் அழுத்த வேண்டிவரும். இறங்குகிறவர் ஒரு கையை மார்பில் குறுக்கே வைத்து, மறுகையால் கைக்குட்டையை மூக்கில் பிடித்துக்கொள்வார். போதகர் ஒரு கையால் முதுகைத் தாங்கி மறுகையால் அவர் கையைப் பிடிப்பார். முழங்காலை மடக்கச் சொல்லிப் பின்பக்கமாகச் சாய்ப்பார். விறைப்பாக நின்றால் கால் வழுக்கும், பயமும் வரும். நனைந்தால் உடம்பில் ஒட்டாத கனத்த நிறத்துணி உடுத்தச் சொல்கிறார்கள், பெண்களுக்கு மேலே போர்த்த ஒரு துவாலை தயாராக இருக்கும். சில சபைகள் கடலில் கொடுக்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் இந்தப் பக்கக் கடல் கொந்தளிக்கும், அப்போது யாரும் இறங்கக் கூடாது.

திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு. அப்பமும், சின்னக் கிண்ணத்தில் திராட்சைச் சாறும். அப்பம் மாம்சமாக மாறுவதாக விசுவாசிப்பதில்லை. கர்த்தருடைய மரணத்தை நினைத்து அறிவிக்கிற பந்தி என்கிறார்கள். அபாத்திரமாய்ப் பந்தியில் சேருகிறவன் குற்றவாளி என்கிற 1 கொரிந்தியர் 11:27ஐ வாசித்ததும் பயந்து, கிண்ணத்தை வாங்காமல் எழுந்து போகிறவர்கள் இங்கேயும் உண்டு. அங்கே பவுல் கண்டித்தது, பணக்காரர் முந்திச் சாப்பிட்டு வெறிகொள்ள, ஏழைகள் பசியோடு இருந்த அந்த நடத்தையை (11:21). பாவமே இல்லாதவர்தான் வர வேண்டும் என்றிருந்தால் பந்தியில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். சோதித்துப் பார்த்து, மனந்திரும்பி, வர வேண்டும். போகச் சொல்லவில்லை.

பரிசுத்த ஆவியானவரைப் பற்றி: மறுபடியும் பிறக்கச் செய்கிறவர் அவர், ஒவ்வொரு விசுவாசியிலும் வாசமாயிருக்கிறவர் அவர். இதில் எல்லாரும் ஒன்று. அந்நியபாஷையில், அதாவது ஆவியின் ஏவுதலால் கற்றிராத மொழியில் பேசுவதில்தான், சபைகள் பிரிகின்றன. அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை அதை ஆவியின் அபிஷேகத்துக்கு ஆரம்ப அடையாளம் என்று போதிக்கிறது. எங்கள் சபை அதைச் சிலருக்குக் கிடைக்கும் வரமாகப் பார்க்கிறது (1 கொரிந்தியர் 12:30). வியாதியஸ்தருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள் (யாக்கோபு 5:14). ஆனால் இன்சுலினையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்தும்படி யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் மூப்பர்களிடம் தெரிவிக்க வேண்டும். "இவ்வளவு விதைத்தால் நூறத்தனையாக அறுப்பாய்" என்று காணிக்கை கேட்கும் பிரசங்கம் இந்தப் பக்கத்திலும் பரவியிருக்கிறது. அது சிலுவையை ஓரத்தில் தள்ளிவிட்டுப் பணத்தை நடுவில் வைக்கிறது. எனக்கு அது கோபமூட்டுகிறது, அடகு வைத்துக் கொடுக்கிற ஏழைகளைத்தான் அது பிடிக்கிறது. இங்கே வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கும் தசமபாகத்தைப் போதிக்கிறார்கள், ஆனால் உறையில் போட்டால் யார் எவ்வளவு என்று சபையில் வாசிப்பதில்லை. இரண்டு பேர் சேர்ந்து எண்ணி இருவரும் கையொப்பமிடுகிறார்கள்.

இந்த நாட்டின் அரசியலமைப்பு 9ஆம் உறுப்புரையில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் எல்லாருக்கும் சுதந்திரம் தருகிறது. சுவிசேஷம் சொல்வது கட்டளை என்பதில் சபை அசையவில்லை (மத்தேயு 28:19). ஆனால் உலர் உணவுப் பொதி கொடுக்கிற இடத்தில் துண்டுப்பிரசுரம் கொடுக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். உதவிக்கு விலையாக ஆத்துமாவைக் கேட்டதாக ஆகிவிடும் என்பதுதான் காரணம். உலகச் சுவிசேஷ சபைத் தலைவர்கள் கூடி வகுத்த 1974 லோசான் உடன்படிக்கையின் 15 பிரிவுகளில் ஐந்தாவது சமூகப் பொறுப்பைப் பற்றியது. சுவிசேஷம் அறிவிப்பதும் சமூகப் பொறுப்பும் இரண்டும் கடமை, ஒன்று மற்றதற்குப் பதிலாகாது என்று இளைஞர்களுக்கு அதை வைத்தே பாடம் நடத்துகிறார்கள்.

இரண்டாம் வருகையில் அறிக்கை சுருக்கமானது. கிறிஸ்து வெளியரங்கமாக வருவார், மரித்தோர் சரீரத்தோடு எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு. கிறிஸ்து ஆயிரம் வருஷம் அரசாளுவார் என்கிற ஆயிரவருஷ அரசாட்சியைப் பற்றி அங்கத்தவர்களிடையே வேறு வேறு கருத்து உண்டு, அதற்காக யாரையும் விலக்குவதில்லை. நாள் குறிக்கிறவரைப் பிரசங்க மேடையில் ஏற்ற மாட்டார்கள் (மாற்கு 13:32). 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்து இத்தனை உயிர் போன நாட்டில், உயிர்த்தெழுதலைப் பற்றிய பிரிவை யாரும் வேகமாக வாசித்துக் கடப்பதில்லை.

ஞாயிறு நடைமுறையும் கேட்டிருந்தீர்கள். காலையில் ஆங்கிலம், அடுத்துத் தமிழ், மாலையில் சிங்களம். விசேஷ நாட்களில் மூன்றும் சேர்ந்து நடக்கும், அப்போது பிரசங்கம் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்கப்படும், நேரம் இரட்டிப்பாகும். போயா அரசு விடுமுறை என்பதால் உபவாச ஜெபம் அன்று. ஆராதனை முடிந்தால் பிளேன்ரீயும் (பால் சேர்க்காத தேநீர்) மாலு பாணும் (மீன் வைத்த பன்). காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிடித்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். மாதம் ஒரு முறை கீர்த்தனை மட்டுமே பாடுகிற ஞாயிறு உண்டு. அம்மாவுக்கு அது பிடிக்கும்.

நீங்கள் வரும்போது எங்களோடு பந்தியில் உட்காரலாமா என்று தயங்கினீர்களே. உட்காரலாம். கிறிஸ்துவை விசுவாசிக்கிற எவரும், எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், வரலாம் என்று போதகர் ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அப்பத்தை எடுக்கிறார். அதனால் டிக்கெட் எடுக்கும்போது மாதத்தின் முதல் ஞாயிறு உள்ளே வரும்படி பார்த்து எடுங்கள்.

உங்கள் அன்பு மகள்