வாய் குளிர்ந்தால் உடம்பு குளிருமா?

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. தோஹா வெக்கையில் பத்து கிலோமீட்டர் ஓடும்போது மென்தால் (புதினா உப்பு) கரைத்த தண்ணீரால் வாய் கொப்பளித்தால் பலன் உண்டா என்று கேட்டிருந்தாய். உன் அம்மா, "நன்னாரி சர்பத் குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். பி.டி. வாத்தியாரிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும்.

பலன் உண்டு. 2010இல் டோபி முன்டெல், டேவிட் ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 34 டிகிரி வெப்பத்தில் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார்கள். 0.01 சதவீத மென்தால் கரைசலை அவ்வப்போது கொப்பளித்துத் துப்பியவர்கள், களைத்து நிறுத்தும்வரை சுமார் 9 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். 2016இல் வந்த இன்னொரு ஆய்வில் 33 டிகிரியில் 5 கிலோமீட்டர் ஓடியவர்களின் நேரம் ஏறக்குறைய 3 சதவீதம் குறைந்தது. ஓடுவதற்கு முன் ஐஸ் கூழ் குடித்ததில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

காரணம் நாக்கிலும் வாயிலும் உள்ள நரம்பு முனைகள். குளிரை உணர்கிற டி.ஆர்.பி.எம்.8 என்ற புரதம் அங்கே இருக்கிறது. மென்தால் பட்டாலும் அது குளிர் பட்டதுபோலவே மூளைக்குச் சேதி அனுப்பிவிடும். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் கிடைத்தது.

ஆனால் கவனி. உடம்பின் உள்சூடு ஒரு டிகிரிகூடக் குறைவதில்லை. வண்டியின் டெம்பரேச்சர் முள்ளை விரலால் பிடித்து நிறுத்தினால் இன்ஜின் ஆறிவிடுமா? தாகம்கூட அடங்கினாற்போல் இருக்கும், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போயிருக்காது. அதனால், 'எனக்கு எப்படி இருக்கிறது' என்பதை நம்பி வேகத்தைக் கூட்டாதே. கைக்கடிகாரத்தில் வேகத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்து ஓடு. வெயில் தாக்கும்போது சிலருக்கு உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறியும். அதை மென்தாலின் வேலை என்று நினைத்துவிடாதே. அப்படி வந்தாலோ, தலை சுற்றினாலோ, வழி குழம்பினாலோ உடனே நின்றுவிடு.

நீ இருக்கிற ஊரிலேயே 2019 உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அத்தனை பேரும் உலகத்தரப் பெண்கள். வெயில் இல்லாவிட்டாலும் அங்கே காற்றின் ஈரம் வியர்வையைக் காயவிடாது. எந்த மென்தாலும் அதைக் காயவைக்காது.

செய்துதான் பார்ப்பேன் என்றால் வீட்டில் கலக்காதே. 0.01 சதவீதம் என்றால் லிட்டருக்கு 0.1 கிராம். நம் சமையலறைத் தராசில் அது நிற்காது. புதினா உப்பு சீக்கிரம் கரையாது. கரையாத துகள் நாக்கில் பட்டால் எரியும், ஆவி கண்ணைக் கரிக்கும். சரியான அளவில் கலந்து தர விஷயம் தெரிந்த மருந்தாளரைக் கேள். வாய்க்கு 25 மில்லி, ஐந்து விநாடி கொப்பளி, துப்பு. ஓட்டத்தில் மூச்சு வாங்கும்போது அந்த ஐந்து விநாடியே பெரும்பாடு. ஆகவே முதலில் பயிற்சி நாளில் பார். ஆரம்பத்திலேயே வேண்டாம். ஏழாவது கிலோமீட்டருக்குப் பிறகு, உண்மையிலேயே சூடு தெரியும்போது எடுத்தால் போதும். பாட்டிலைப் பாப்பா கைக்கு எட்டாமல் வை. கைக்குழந்தையின் மூக்கருகே மென்தால் போகவே கூடாது, மூச்சே அடைக்கலாம்.

எனக்குக் கேட்டால், அடுத்த இரண்டு வாரம் சாயங்கால வெக்கையில் மெதுவாக ஓடி உடம்பைப் பழக்கு. அது மென்தாலைவிடப் பெரிய பலன் தரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் எடை பார்த்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். மாப்பிள்ளையை அன்றைக்கு லீவு போட்டு, ஈரத் துண்டோடு முடிவுக் கோட்டில் நிற்கச் சொல்.

அன்புடன்,
அப்பா