மழை பெய்ததா, கடன் அடைந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது, சிப்பாய் குதாதத் கானுக்குப் பிரிட்டிஷ் படையின் உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது, பிரான்சில் நடந்த நியூவ் சாப்பல் சண்டை எல்லாம் நன்றாக வந்திருந்தன. ஆனால் அந்த ஆட்கள் ஊருக்கு என்ன எழுதினார்கள் என்று ஒரு வரி கூட இல்லையே, அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

பெரும்பாலும் பஞ்சாப், கர்வால், நேபாளம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். மாதச் சம்பளம் 11 ரூபாய். நிறையப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுத வைப்பார்கள், ஊரிலும் யாராவது ஒருவர் உரக்கப் படித்துத்தான் வீட்டுக்காரிக்குச் சேதி தெரியும். நடுவில் வெள்ளைக்கார அதிகாரிகளின் தணிக்கை வேறு. படையின் மனநிலை எப்படி இருக்கிறது என்று மேலிடத்துக்குச் சொல்ல, ஹோவெல் என்ற அதிகாரியின் அலுவலகம் அந்தக் கடிதங்களிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த பகுதிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வேவு பார்க்க எழுதி வைத்ததால்தான் அந்தக் குரல்கள் நமக்கு மிஞ்சின.

அதில் என்ன இருக்கிறது? மழை பெய்ததா, கடன் எவ்வளவு அடைந்தது, மாட்டை விற்றுவிடாதே, தங்கச்சி கல்யாணம் என்ன ஆச்சு, தம்பியைப் படையில் சேர விடாதே. சண்டையைச் சொல்ல வந்தாலும் வயலிலிருந்துதான் வார்த்தை எடுக்கிறார்கள். குண்டு பருவமழை மாதிரி கொட்டுகிறது என்கிறார் ஒருவர். அறுத்துப் போட்ட கதிர்க்கட்டு மாதிரி பிணங்கள் கிடக்கின்றன என்கிறார் இன்னொருவர். தணிக்கைக்குத் தப்ப வேண்டிய சேதிக்குச் சமையலறைச் சாமான்தான் மறைமொழி: இந்தியப் படை கறுப்பு மிளகு, வெள்ளைக்காரப் படை சிவப்பு மிளகு. கறுப்பு தீர்ந்துகொண்டே வருகிறது என்றால் வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டியதுதான். படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பிரான்சில் பண்ணை வீடுகளில் தங்கியவர்கள் அங்கே ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பெண்களே வயல் வேலை அத்தனையும் பார்ப்பதை ஆச்சரியமாக எழுதுகிறார்கள். தன்னைச் சொந்தப் பிள்ளை மாதிரி கவனித்த கிழவியைப் பற்றிச் சொல்பவரும் உண்டு. ஊரில் தன் அம்மா தனியாக இருக்கிறாள் என்ற நினைப்பு இல்லாமலா அதை எழுதியிருப்பார்?

இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், என் அப்பாவும் படையில் இருந்தவர். 1971 டிசம்பர் சண்டையின்போது மேற்கு எல்லையில் இருந்தார். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக முகவரியிலிருந்து இன்லண்ட் கடிதம் வரும். "நலம், நலமறிய ஆவல்" முடிந்த உடனே, மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கியாச்சா, விதைக்கு எத்தனை மூட்டை எடுத்து வைத்தாய், கிணற்றில் தண்ணீர் எத்தனை படி இறங்கியிருக்கிறது என்று கேள்விகள் ஆரம்பிக்கும். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, ஏழாம் வகுப்பு படித்த நான்தான் பதில் எழுதுவேன். அந்தக் கார்த்திகையில் செவலை மாடு செத்துப்போச்சு. அதை எழுதாதே என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு மாடும் நல்லா இருக்கு என்று எழுதினேன். அடுத்த கடிதத்தில் அப்பா, செவலைக்குப் பருத்திக்கொட்டை கொஞ்சம் கூட வை என்று எழுதியிருந்தார்.

எங்கள் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்கிறது. கீழே தினமும் சந்தைக்கூட்டம், எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறோம்? அந்த 277 பேரும் வீட்டுக்கு ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பார்கள் அல்லவா.

அதனால் ரெண்டு விஷயம் கேட்கிறேன். அந்தத் தணிக்கைக் கடிதங்களில் பத்தையாவது தமிழில் பெயர்த்துத் தொடராகப் போடுங்கள். அப்புறம், எந்தப் போராக இருந்தாலும் சரி, வீட்டு டிரங்குப் பெட்டியில் சிப்பாயின் கடிதம் வைத்திருப்பவர்கள் நகல் அனுப்பலாம் என்று உங்கள் இதழில் ஓர் அறிவிப்புக் கொடுங்கள். வடாற்காட்டுப் பக்கத்தில் ஊருக்கு நாலு வீட்டிலாவது இருக்கும், கரையான் அரிப்பதற்குள் கிடைத்தால் நல்லது.

முதல் தவணையாக அப்பாவின் ஆறு கடிதங்களை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பருத்திக்கொட்டைக் கடிதம் மூன்றாவது, மடிப்பில் கிழிந்திருப்பதால் ஒரு வரி சரியாகத் தெரியாது. அங்கே இருப்பது "மழை" என்ற சொல்தான்.

இப்படிக்கு,
வேலூர் வாசகர் ஒருவர்