டார்பிடோ ஏன் வெடிக்கவில்லை? நீர்மூழ்கி விளையாட்டு உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இரண்டாம் உலகப்போர் நீர்மூழ்கி விளையாட்டுகளை உருவாக்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. ஏவிய டார்பிடோ (நீருக்கடியில் தானே ஓடிப்போய் கப்பலைத் தாக்கும் வெடிகுண்டு) பலிக்காமல் போனால், ஏன் என்று தேடிக் கண்டுபிடிக்க எங்களுக்கு வழி வையுங்கள்.

ஒரு சரக்குக் கப்பலை இரவெல்லாம் துரத்தி, முந்திப் போய்க் காத்திருந்து, பெரிஸ்கோப்பை ஏற்றி இறக்கிக் கணக்குப் போட்டு ஏவுகிறோம். ஸ்டாப்வாட்ச் ஓடி முடிகிறது. 'தவறியது' என்று திரையில் ஒரு சொல். வேகக் கணக்கு பிசகியதா, கோணம் பிசகியதா, கப்பலுக்கு அடியில் நழுவிப் போனதா, பக்கத்தில் நின்று ஏவியதால் வெடிமுனை ஆயத்தமாகும் முன்பே மோதிவிட்டதா? எல்லாவற்றுக்கும் அதே சொல்தான்.

வேகத்தை மட்டும் பாருங்கள். ஜெர்மனியின் மின்சார டார்பிடோ ஜி7இ ஓடியது 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகத்தில். 2000 மீட்டர் போக அதற்கு 130 விநாடி ஆகும். எதிரியின் வேகத்தில் ஒரு நாட் குறைத்துப் போட்டிருந்தால் அதற்குள் கப்பல் 67 மீட்டர் கூடுதலாக நகர்ந்திருக்கும். 130 மீட்டர் நீளக் கப்பலின் நடுவைக் குறிவைத்தவருக்கு டார்பிடோ வாலுக்குப் பின்னால் போய்விடும். ஆனால் புதிதாக ஆடுபவர்கள் சந்தேகப்படுவது தூரத்தைத்தான். குழாயிலிருந்து நேராகவே ஓடும்படி, கைரோ கோணம் (குழாயை விட்டபின் டார்பிடோ திரும்பும் கோணம்) பூஜ்யத்தை ஒட்டி ஏவினால், தூரத்தில் வரும் பிழை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. படகை நிறுத்திவிட்டு, கப்பலின் மூக்கிலிருந்து வால்வரை பெரிஸ்கோப்பின் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தை எடுத்தால் வேகம் கிடைத்துவிடும்: 130 மீட்டருக்கு 26 விநாடி என்றால் விநாடிக்கு 5 மீட்டர், ஏறத்தாழ 10 நாட். நான் ஆடிய எந்தப் பயிற்சிக் கட்டமும் இதைச் சொல்லித் தரவில்லை.

இதெல்லாம் எங்கள் கைப்பிழை. அடுத்தது டார்பிடோவின் பிழை. 'அந்தக் காலத்து டார்பிடோக்கள் அப்படித்தான்' என்று சொல்லி, நூற்றுக்கு இத்தனை வெடிக்காது என்று பகடை உருட்டிவிடுகிறீர்கள். வரலாறு அப்படி இல்லையே! அமெரிக்காவின் மார்க் 14 டார்பிடோ காரணத்தோடுதான் பழுதாகியிருந்தது. 1942 ஜூனில் அமெரிக்க அட்மிரல் லாக்வுட் ஆஸ்திரேலியாவின் ஆல்பனி அருகே கடலில் வலை கட்டி, அதில் டார்பிடோக்களை ஏவச் செய்தார். வலையில் விழுந்த ஓட்டைகளை அளந்தபோது, வைத்த ஆழத்தைவிடச் சராசரியாக 11 அடி கீழே ஓடியது தெரிந்தது. அதுவரை அமெரிக்கக் கடற்படையின் ஆயுதத் துறை குறைசொன்னது கேப்டன்களைத்தான். (இன்றைக்கு உங்கள் திரை எங்களிடம் செய்வதும் அதுவேதான்.)

1943 ஜூலை 24 அன்று அமெரிக்காவின் டினோசா நீர்மூழ்கியின் கேப்டன் டாஸ்பிட், அசையாமல் நின்ற ஜப்பானின் டோனான் மாரு 3 கப்பலின் பக்கவாட்டில் செங்குத்தாக ஒவ்வொன்றாக ஏவினார். மோதின, ஆனால் வெடிக்கவில்லை. கடைசி ஒன்றை ஆராய்வதற்கென்று மிச்சம் வைத்துக்கொண்டு பேர்ல் ஹார்பர் திரும்பினார். பிறகு ஹவாயின் கஹோலாவே தீவுப் பாறையில் ஏவிப் பார்த்தார்கள், 90 அடி உயரத்திலிருந்து போட்டும் பார்த்தார்கள். செங்குத்தாக விழுந்த 10-இல் 7 வெடிக்கவில்லை. மோதும் வேகத்தில், வெடியைத் தூண்டவேண்டிய வெடிமுள் சிக்கிக்கொண்டது. சாய்வாக மோதியவை அவற்றைவிட நன்றாக வெடித்தன. பாடப்புத்தகம் சொன்ன 90 டிகிரிதான் ஆக மோசமான கோணம்!

இதைவிட நல்ல விளையாட்டுக் கதை உங்களுக்கு எங்கே கிடைக்கும்? பகடையை எடுத்துவிட்டு, பழுதைக் கோணத்தோடும் ஆழத்தோடும் கட்டுங்கள். 1943-இல் ஆடுபவர் தானாகவே சாய்வாக ஏவிப் பார்க்கட்டும். கப்பலின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும் காந்த வெடிமுனையை அணைத்துப் பார்க்கட்டும்.

நடுக்கடலில் எல்லாவற்றையும் சொல்லிவிடச் சொல்லவில்லை. அது ஆட்டத்தைக் கெடுக்கும். உண்மையான கேப்டனுக்குக் கிடைத்தது கிடைத்தால் போதும். ஒலிப்பணியாளர் டார்பிடோ ஓடும் சத்தம் கேட்கிறதா, உலோகத்தில் மோதிய 'டங்' கேட்டதா என்று சொல்லட்டும். துறைமுகம் திரும்பியதும் ஒரு தாக்குதல் அறிக்கை வரட்டும்: நாங்கள் போட்ட வேகம், திசை, ஆழம் ஒரு பக்கம், உண்மையில் இருந்தவை இன்னொரு பக்கம், கூடவே டார்பிடோ போன தடம் வரைபடத்தில். வேண்டாதவர்கள் அமைப்புகளில் அணைத்துக்கொள்ளட்டும். இந்தக் கணக்கையெல்லாம் விளையாட்டு ஏற்கெனவே உள்ளே போட்டுக்கொண்டுதான் இருக்கிறது, எங்களுக்குக் காட்டுவது மட்டும்தான் பாக்கி.

இப்படிக்கு,
பெரிஸ்கோப்பை இன்னும் கையால் திருப்பும் ஓர் ஆட்டக்காரன்