தலைப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு மடல்

தமிழ் நாளிதழ், தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் வந்து 11 வருடமாகிறது. வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறான், காலையில் பால் வாங்கி வருகிறான், பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறான். போன மாதம் ஒருநாள் பாதியில் மடித்து வைத்துவிட்டு, "அக்கா, நானும் இப்படிப் பண்ணுவேன்னு பக்கத்து வீட்டுல நினைப்பாங்களா?" என்று கேட்டான்.

'மனநோயாளி வெறிச்செயல்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. செய்தியை இரண்டு முறை படித்தேன். மருத்துவர் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அக்கம்பக்கத்தார் "அவன் ஒரு மாதிரி" என்று சொன்னது நிருபருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. சில சமயம் 'சைக்கோ' என்றே போட்டுவிடுகிறீர்கள். அந்தச் சொல் படுவது குற்றவாளி மேல் மட்டுமல்ல.

இன்னொன்று. 'மனநலம் குன்றியவர்' என்ற ஒரே பெயரில் எல்லோரையும் அடைக்கிறீர்கள். அறிவுசார் குறைபாடு சிறுவயதிலேயே தெரிவது. தம்பிக்கு வந்தது கல்லூரிக் காலத்தில் வந்த நோய், சிகிச்சையில் அடங்கியிருக்கிறது. ஆட்டிசம் வேறு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் இவை தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

நோயை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அதன் பெயரே எங்களுக்கு வலிக்கிறது. சிதைவு என்றால் இடிந்த கோபுரம்தானே நினைவுக்கு வரும்? ஜப்பானிலும் 'மனம் பிளந்த நோய்' என்றுதான் இதற்குப் பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக் கேட்டு, 2002இல் மருத்துவர் சங்கம் அதை மாற்றியது. இங்கேயும் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்ததே. அரசு அறிவித்தது சரி, அதை ஊர் வாயில் ஏற்றியது உங்கள் பக்கங்கள்தான்.

அதனால் கேட்கிறேன். மருத்துவரோ நீதிமன்றமோ சொல்லாதவரை, குற்றச் செய்தியில் மனநோயைத் தலைப்பாக்காதீர்கள். சொல்லியே ஆகவேண்டுமென்றால் உள்ளே, 'மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வருபவர்' என்று எழுதுங்கள். 'வெறி' வேண்டவே வேண்டாம்.

உங்கள் நிருபர்கள் எங்களைப் போன்ற வீடுகளோடு பேச விரும்பினால், கூப்பிடுங்கள், வருகிறேன். தம்பியும் வருவான். அவனிடம் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஓர் அக்கா