உதடு தெரியப் பேசுங்கள்

ஆசிரியருக்கு,

வில்லாபுரம் பக்கம் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகள், கட்டட வேலைக்கு வந்த பீகார் குடும்பத்துப் பையன், காதுக்கருவி அணிந்த சிறுமி, எல்லோரும் ஒரே அறையில். தொடக்க வகுப்புகளுக்கு 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரித்தது நல்லதுதான். ஆனால் தமிழ் தெரியாத பையனைக் கணக்கிலும் அரும்பில் உட்கார வைப்பதா? புளியங்கொட்டையைக் கொட்டிக் கொடுத்தேன். ஏழேழாக அடுக்கிவிட்டு, அடுத்தது என்ன என்பதுபோல் பார்த்தான்.

அந்தச் சிறுமிக்கோ நம் உதடு தெரிய வேண்டும். கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் சொன்னால் பாதி போய்விடும். (மின்விசிறிச் சத்தம் வேறு.) எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் உள்ளடக்கிய கல்வியை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே வலியுறுத்துகிறது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குப் பொதுவானவர், எப்போதாவதுதான் வருகிறார். எனவே எங்களுக்கான பயிற்சியில், இப்படிப்பட்ட வகுப்பை ஒருமுறையாவது நடத்திக் காட்டட்டும். திரையில் படம் ஓட்டியது போதும்.

– ஓர் இடைநிலை ஆசிரியை, மதுரை