ஞாயிறு திரையிடல்: ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு, வழக்கமான இடத்தில், நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ் அருங்காட்சியகம் புதுப்பிக்கப்பட்ட கதையைச் சொல்லும் ஆவணப்படத்தைப் பார்க்கிறோம். 2003இல் பிரதான கட்டடத்தை மூடினார்கள். முழுதாகத் திறந்தது 2013இல்தான். தாமதத்துக்குப் பல காரணங்கள். அவற்றுள் ஒன்று, கட்டடத்தின் நடுவே செல்லும் சைக்கிள் பாதையை விட்டுத்தர மறுத்த நகரவாசிகள். கடைசியில் பாதை தப்பியது. இன்றும் அதில் சைக்கிள்கள் போகின்றன.

படம் முடிந்ததும் அந்த அருங்காட்சியகத்தில் உள்ள சோழர் கால நடராஜர் சிலையைப் பற்றிப் பேசுவோம். நான் மிகவும் எதிர்பார்ப்பது இந்தப் பகுதியைத்தான். 153 செ.மீ. உயரம், சுமார் 300 கிலோ எடை. உட்புறத்தை அறிய, துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைச் சோதிக்கும் சக்திவாய்ந்த எக்ஸ்ரே கருவியால் சிலையைப் படம் பிடித்தார்கள். உள்ளே வெற்றிடமே இல்லை, முழுக்க உலோகம்! மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றும் நம் ஸ்தபதிகளின் முறையை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஆனாலும் அதைக் கருவி கண்ணெதிரே காட்டுவது தனி மகிழ்ச்சி.

நேரம் இருந்தால் அங்கேயே உள்ள, டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தையும் தொடலாம். 1642இல் வரைந்தது; 1715இல் புதிய சுவருக்குப் பொருந்தவில்லை என்று ஓரங்களை வெட்டிவிட்டார்கள். 2019 முதல் கண்ணாடி அறைக்குள், பார்வையாளர்கள் முன்னிலையிலேயே ஆய்வு செய்கிறார்கள்.

சுவாமிமலை வார்ப்புப் பட்டறைகளில் எடுத்த படங்கள் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் குழுவில் பகிருங்கள், திரையில் காட்டலாம். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள்.