ஸ்கிரீன் தான் நின்னுது, சிஸ்டம் நிக்கல

மாப்ள,

எப்டி இருக்க, அம்மாவுக்கு முட்டி வலி தேவலயா? இங்க காட்பாடில வெயில் கொளுத்துது, காலைல பத்து மணிக்கே ரோட்ல கால் வைக்க முடில.

கடை சிஸ்டம் இன்னா ஆச்சுன்னு போன்ல கேட்டியே, அப்ப ஆளுங்க நின்னுட்டு இருந்தாங்க. போன திங்கக்கிழமை பவர் போட்டேன், லினக்ஸ் தான அதுல, எத பூட் பண்ணணும்னு கேக்குற க்ரப் மெனு வந்துச்சு, நாலு வரி எழுத்து ஓடுச்சு, அப்டியே நின்னுடுச்சு. மூணு தடவ ஆஃப் பண்ணி போட்டாலும் அதே எடம். பத்திரம் டைப் பண்ண அத்தன ஃபைலும் அதுல தான் இருக்கு, பாமினின்ற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சது வரைக்கும், பேக்கப் எடுத்து நாலு மாசம் ஆச்சு, எனக்கு வயித்த கலக்கிடுச்சு. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரு பாக்காமயே போர்டு போயிருக்கும், இல்லனா ஃபார்மட் தான்னுட்டாரு.

இன்னா பண்றதுன்னு தெரியாம கீபோர்டுல நம்லாக்க தட்டினேன் மாப்ள, லைட் எரிஞ்சு அணைஞ்சுது! சிஸ்டத்தோட மையமான கெர்னலே தொங்கியிருந்தா அந்த லைட் பொதுவா மாறாது. உடனே லேப்டாப்லேருந்து நெட்வொர்க்ல உயிரோட இருக்கான்னு கேக்குற பிங் போட்டேன், பதில் வருது. இன்னொரு சிஸ்டத்துலேருந்தே உள்ள நுழையற எஸ்எஸ்ஹெச்ல போனா எல்லா ஃபைலும் அப்டியே இருக்கு, மொத வேலையா அத்தனயும் காப்பி பண்ணிட்டு தான் தண்ணியே குடிச்சேன்.

விஷயம் இன்னான்னா, பூட் ஆகசொல்ல மொதல்ல சாதா டிஸ்ப்ளேல தான் எழுத்து வருது, அப்பால கிராபிக்ஸ் டிரைவர் லோடாகி ஸ்கிரீன தன் கைக்கு எடுத்துக்குது. கெர்னல் மோட் செட்டிங்னு பேரு, 2009ல 2.6.29 கெர்னல்ல வந்த வசதி. அந்த கை மாறுற எடத்துல மக்கர் பண்ணா கடைசியா இருந்த எழுத்து அப்டியே நிக்கும், பின்னாடி சிஸ்டம் பாட்டுக்கு ஓடினு இருக்கும். நாம செத்துப்போச்சுன்னு நெனச்சு பவர புடுங்குறோம், டிஸ்க்குக்கு அது தான் கெடுதல்.

அப்புறம் க்ரப் மெனுல ஈ அமுக்கி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரில பூட் எழுத்த மறைக்கிற கொயட், ஸ்பிளாஷ் ரெண்டு வார்த்தையும் எடுத்துட்டு, அந்த கை மாறுறத தடுக்குற நோமோட்செட்ட (nomodeset) கடைசில அடிச்சு கன்ட்ரோல் எக்ஸ் குடுத்தேன், வந்துடுச்சு. ஆனா 1024க்கு 768 தான், எழுத்து பெருசு பெருசா, ஸ்க்ரோல் இழுத்து இழுத்து போவுது. இந்த மாத்தம் அந்த ஒரு தடவைக்கு தான், நெரந்தரமா வெக்கவும் எனக்கு மனசு வரல, நோய் அப்டியே இருக்கும். சிஸ்டம் எழுதி வெக்கிற லாக்க ஜர்னல்சிடிஎல் கமாண்ட் போட்டு பாத்தா பழைய கிராபிக்ஸ் கார்டு எர்ரர் வரிசையா நிக்குது. கார்ட கழட்டிட்டு மானிட்டர் வயர போர்டுலயே இருக்குற விஜிஏல சொருகினேன், நோமோட்செட் இல்லாமயே சுத்தமா வந்துச்சு. ஒரு பைசா செலவில்ல.

பாப்பா லேப்டாப்பும் அப்டியே நிக்குதுன்னியே, அதுலயும் நான் போட்டு குடுத்த லினக்ஸ் தான. மொதல்ல கேப்ஸ் லாக் தட்டி பாரு. லைட் மாறலனா க்ரப்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ள போய் பழைய கெர்னல் ஒன்னு இருக்கும், அத எடுத்து பூட் பண்ணு. அதுல வந்துச்சுனா புது அப்டேட்ல தான் கோளாறு. யார் சொன்னாலும் ஃபார்மட் பண்ண விடாத, அவ ப்ராஜெக்ட் எல்லாம் அதுல இருக்கு.

எதுவும் சரியா வரலனா ஞாயித்துக்கிழமை தூக்கினு வந்துடு. இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா வாங்கி வெச்சிருக்கேன், பிரியாணி பண்ண சொல்றேன். வரசொல்ல சார்ஜர மறந்துடாத.

உன் மச்சான்